‘ஃபார்மேட் பண்ணிடலாமா?’ - பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால், தலையாட்டும் முன் இதைப் படியுங்கள்!

மூன்று வாரங்களுக்கு முன்பு லால்குடியில் இருந்து அப்பா போன் செய்தார். “பாப்பா, பழைய கம்ப்யூட்டர் போயிடுச்சு போலிருக்கு. கறுப்பு ஸ்கிரீன்ல இங்கிலீஷ்ல என்னமோ எழுதுது. அதுக்கு மேல நகர மாட்டேங்குது.”

2012-ல் அக்கா காலேஜ் சேர்ந்தபோது வாங்கிய டெஸ்க்டாப் அது. விண்டோஸ் 7. எல்லோரும் மொபைலுக்கு மாறிய பிறகு, ஹால் மூலையில் பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. வேறு நாளாக இருந்தால் “பழைய இரும்புக்காரருக்குப் போட்டுடுங்கப்பா” என்றிருப்பேன். ஆனால், அடுத்த மாதம் அப்பாயிக்கு முதலாண்டு நினைவு நாள். ஃபிரேம் போட ஒரு நல்ல போட்டோ வேண்டும். கையில் இருந்தது ஆதார் கார்டு போட்டோவும், ஆஸ்பத்திரியில் எடுத்த இரண்டு படங்களும்தான். அக்கா கல்யாணத்தில் அப்பாயி வாய்விட்டுச் சிரிக்கும் படம் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்தது.

அப்பா சி.பி.யூ-வை டி.வி.எஸ் 50-யில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனார். “சிஸ்டம் ஃபைல் கரப்ட் சார். ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் போட்டா ஒரு மணி நேரத்துல ரெடி” என்றார்கள். அப்பாவும் சரி என்றுவிட்டார். நல்லவேளையாக எனக்கு ஒரு போன் போட்டார். “உள்ள இருக்கற போட்டோ என்ன ஆகும்னு கேளுங்கப்பா” என்றேன். “அதெல்லாம் போயிடும் சார்” என்று கடைக்காரர் சொன்னது எனக்கே கேட்டது.

“ஒண்ணும் பண்ண வேணாம், வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடுங்க” என்று சொல்லிவிட்டு, அந்த வார சனிக்கிழமை ஊருக்கு பஸ் ஏறினேன்.

ஆன் ஆகாததற்கும் அழிந்துபோனதற்கும் வித்தியாசம் இருக்கிறது

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் மதர்போர்டில் உள்ள பயாஸ் விழித்துக்கொள்ளும். அது ஹார்ட் டிஸ்க்கைத் தேடிப்பிடித்து, விண்டோஸைத் தொடங்கிவைக்கும் சில ஃபைல்களைப் படிக்கும். அவற்றில் ஒன்று கெட்டுப்போனாலும் வண்டி அங்கேயே நின்றுவிடும். ‘மிஸ்ஸிங் ஆர் கரப்ட்’ என்று திரையில் வருவது இதைத்தான். நம் போட்டோக்கள் பெரும்பாலும் அதே டிஸ்க்கில் வேறு இடத்தில் பத்திரமாகவே இருக்கும். வாசல் பூட்டு மக்கர் செய்கிறது என்பதற்காக, பீரோவில் உள்ளதை எல்லாம் தெருவில் கொட்ட வேண்டியதில்லை.

ஃபைல்கள் ஏன் கெடுகின்றன? டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போவது முக்கியக் காரணம். யு.பி.எஸ் பேட்டரி செத்துப்போன வீடுகளில் இது சகஜம். பாதியில் நின்ற அப்டேட், வைரஸ், பழுதான ராம், வயதான ஹார்ட் டிஸ்க் ஆகியவையும் காரணமாகலாம்.

முதலில் 5 நிமிட சோதனை

* பென்டிரைவ், மெமரி கார்டு ஏதாவது செருகியிருந்தால் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். அதிலிருந்து தொடங்கப் பார்த்தும் கம்ப்யூட்டர் நின்றுபோகலாம்.

* பயாஸில் தேதி பல வருடங்கள் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள காசு போன்ற சி.ஆர் 2032 பேட்டரி தீர்ந்திருக்கும். அதனால் பயாஸ் அமைப்புகள் மாறி, நல்ல விண்டோஸ்கூட ஆன் ஆகாமல் போகலாம். புது பேட்டரி மலிவுதான்.

* சி.பி.யூ அருகே காதை வையுங்கள். ‘டிக்... டிக்...’ என்று தொடர்ந்து சத்தம் வந்தால், உடனே ஆஃப் செய்துவிடுங்கள். அது ஹார்ட் டிஸ்க்கே சாகிற சத்தமாக இருக்கலாம். திரும்பத் திரும்ப ஆன் செய்தால் மிச்சமிருப்பதும் போய்விடும். டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் மட்டுமே கொடுங்கள்.

எங்கள் கம்ப்யூட்டரில் அந்தச் சத்தம் இல்லை. அப்பா முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிச்சி.

ரிப்பேருக்கு முன்னால் காப்பி

பலரும் தவறுவது இங்கேதான். ரிப்பேர் முயற்சிகளே சில நேரம் டிஸ்க்கை மோசமாக்கிவிடும். அதனால் முதல் வேலை, ஃபைல்களை வெளியே எடுப்பது. அதற்கு இரண்டு வழிகள்.

ஒன்று, லினக்ஸ் பென்டிரைவ். வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை இலவசமாக இறக்கி, ரூஃபஸ் என்ற சிறிய மென்பொருள் மூலம் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுங்கள். அந்த பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், கவனம். அதைப் பழைய கம்ப்யூட்டரில் செருகி, ஆன் செய்ததும் பூட் மெனு கீயைத் தட்டுங்கள். கம்பெனியைப் பொறுத்து அது எஃப்12, எஃப்9, எஃப்8 என மாறும். லினக்ஸ் திறந்ததும் ‘இன்ஸ்டால்’ பக்கம் போகாதீர்கள். இன்ஸ்டால் செய்யாமலே டிஸ்க்கைத் திறந்து, ஃபைல்களை வேறொரு டிரைவுக்கு காப்பி செய்யலாம். மிகப் பழைய, ராம் குறைந்த மெஷின் என்றால் பப்பி லினக்ஸ் போதும்.

இரண்டு, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா-யு.எஸ்.பி அடாப்டர் மூலம் வேறு கம்ப்யூட்டரில் மாட்டுவது. டெஸ்க்டாப் டிஸ்க்குக்குத் தனி பவர் அடாப்டரும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

நான் முதல் வழியில் போனேன். ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் அக்கா பெயர், அதற்குள் ‘நியூ ஃபோல்டர் (3)’. திறந்ததும் கல்யாணப் பந்தி, வாழை இலை, பெரியப்பாவின் முதுகு. நாற்பத்தி சொச்சமாவது படத்தில் அப்பாயி. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி ரிப்பேர்

1. விண்டோஸ் 7 என்றால், ஆன் செய்ததும் லோகோ வருவதற்கு முன் எஃப்8-ஐத் தட்டுங்கள். ‘லாஸ்ட் நோன் குட் கான்ஃபிகரேஷன்’, ‘சேஃப் மோட்’ இரண்டையும் முயலுங்கள்.

2. முடியவில்லையா? அதே மெனுவில் ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’ வழியாக ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ கொடுங்கள். ஒரு முறையில் சரியாகாவிட்டால் இரண்டு, மூன்று முறை ஓட்டலாம். மெனுவில் அது இல்லை என்றால், அதே வெர்ஷன் இன்ஸ்டலேஷன் டிவிடி தேவைப்படும். விண்டோஸ் 10-ல் தொடர்ந்து ஆன் ஆகாமல் போனால், ரிப்பேர் திரை பெரும்பாலும் தானாகவே வரும்.

3. அடுத்து, கமாண்ட் பிராம்ப்ட். டிஸ்க்கைச் சரிபார்க்க செக்டிஸ்க், சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்க்க எஸ்.எஃப்.சி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ரிப்பேர் திரையில் ‘சி’ டிரைவ் ‘டி’ என்று காட்டலாம். விண்டோஸ் ஃபோல்டர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று பார்த்த பிறகே கட்டளை கொடுங்கள். எஸ்.எஃப்.சி கட்டளையில் அந்த டிரைவையும் விண்டோஸ் ஃபோல்டரையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும்.

4. எதுவுமே எடுபடவில்லை என்றால், கடைசியாக ரீஇன்ஸ்டால். விண்டோஸ் 7-ல் ஃபார்மேட் செய்யாமல் ‘கஸ்டம்’ முறையில் போட்டால், பழைய ஃபைல்கள் ‘விண்டோஸ்.ஓல்ட்’ ஃபோல்டருக்குள் போய்விடும். விண்டோஸ் 10-ல் ‘ரீசெட் திஸ் பிசி’ பகுதியில் ‘கீப் மை ஃபைல்ஸ்’ இருக்கிறது. இரண்டையும் நம்பி பேக்கப் எடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

எங்களுக்கு ஸ்டார்ட்அப் ரிப்பேர் இரண்டு முறை கைவிரித்தது. செக்டிஸ்க் ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் காபியோடு வந்து பார்த்தால், விண்டோஸின் பழைய பச்சைப் புல்... இல்லை, அது எக்ஸ்.பி! விண்டோஸ் 7-ன் நீலத் திரை வந்திருந்தது. ஆனால் டிஸ்க்கில் பழுதான பகுதிகள் இருப்பதாகவும் செக்டிஸ்க் காட்டியது. இனி அதை நம்பி எதையும் வைக்க முடியாது.

ஆன் ஆனால் மட்டும் போதாது

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 14.1.2020-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 14.10.2025-ல் முடிந்தது. எனவே உயிர்பிழைத்த பழைய மெஷினில் நெட் பேங்கிங் வேண்டாம். புது எஸ்.எஸ்.டி போட்டு லினக்ஸ் ஏற்றினால், பாட்டு கேட்கவும் டைப் அடிக்கவும் இன்னும் சில வருடம் ஓடும்.

அப்பாயியின் படத்தைப் பெரிதாக பிரின்ட் போட்டு ஃபிரேம் செய்தாயிற்று. அந்த ஃபோல்டர் இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது. அக்காவின் லேப்டாப்பில் ஒன்று, என் கூகுள் டிரைவில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று. பென்டிரைவை அப்பா வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். “வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து, ஓடுதான்னு பார்க்கணும்ப்பா” என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டு மூலையிலும் துண்டு போர்த்திய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறதா? அது இன்னும் ஆன் ஆகிறது என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமையே காப்பி எடுத்துவிடுங்கள்.