கன்றுக்குப் பால் வழியே வரும் குடற்புழு

பிறந்து இரண்டு, மூன்று வாரமே ஆன எருமைக் கன்று, களிமண் நிறத்தில் துர்நாற்றத்துடன் கழிகிறது. "பால் அதிகமாகிவிட்டது" என்று ஊட்டும் பாலைக் குறைப்பது பல வீடுகளில் வழக்கம். கறவைக்கும் அது வசதிதான்! ஆனால் இவ்வாறு கழியும் கன்றுகள் பலவற்றின் குடலில் உருண்டைப்புழு இருக்கும். பாலைக் குறைத்தால் புழு சாகாது. கன்றுதான் மேலும் மெலியும். பசுங்கன்றுகளுக்கும் இத்தொல்லை உண்டு.

புல் கடிக்காத கன்றுக்குப் புழு எப்படி வந்தது? தீவனத்துடனும் தண்ணீருடனும் தாய்மாடு விழுங்கிய முட்டைகளிலிருந்து வெளிவரும் இளம்புழுக்கள், அதன் உடல் திசுக்களில் வளராமல் உறங்கிக் கிடக்கின்றன. கன்று ஈனும் தறுவாயில் இவை மடியை அடைந்து சீம்பாலிலும், அடுத்த நாட்களின் பாலிலும் இறங்குகின்றன. உறங்கும் புழுக்களை வழக்கமான மருந்துகள் சரிவர எட்டுவதில்லை. ஆகவே, சினைமாட்டுக்கு மருந்து கொடுத்தாயிற்று என்று கன்றை விட்டுவிடக் கூடாது. இதற்கு அஞ்சிச் சீம்பாலை நிறுத்துவது அதைவிடத் தவறு.

கன்றுக்கு 3 வார வயதாகும்போது புழு முதிர்ந்துவிடும். பெண்புழு ஒரு சாணுக்கு மேல் வளரும். வயிறு பருத்து, ரோமம் சிலிர்த்து, கன்று மண்ணை நக்கும். புழுக்கள் திரண்டு குடலை அடைத்துக் கன்று இறப்பதும் உண்டு. எனவே 10 முதல் 14 நாளுக்குள் முதல் மருந்து கொடுத்துவிட வேண்டும். அந்த வயதில் சாணத்தைப் பரிசோதித்தால் முட்டை தென்படாது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

பைப்பரசின் மருந்து கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் வீதம், 25 கிலோ கன்றுக்கு 5 கிராம் ஆகிறது. புட்டிக்குப் புட்டி மருந்தின் செறிவு வேறுபடுவதால், எத்தனை மில்லி என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும். தலையை அண்ணாத்தி, நாக்கை இழுத்துப் பிடித்துப் புகட்டினால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை மருந்து தரலாம். அதன்பின் சாணப் பரிசோதனை செய்து, தேவைக்கேற்பக் கொடுப்பதே சிக்கனம். தேவையின்றி ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் புழுக்கள் அதற்குப் பழகிவிடும்.

கன்றின் சாணத்தை அன்றாடம் அள்ளி எருக்குழியில் சேர்க்க வேண்டும். புதுச் சாணத்திலுள்ள முட்டை உடனே தொற்றாது. ஈரத்தில் சில நாட்கள் கிடந்த பிறகே தொற்றும் நிலையை அடையும். அதன் தடித்த ஓடு மாதக்கணக்கில் தாங்கும். தாய்மாட்டின் தீவனத் தொட்டியருகே கன்றைக் கட்டாமல், வெயில் படும் உலர்ந்த தரையில் தனியே கட்டுவது நல்லது.