48 மணி நேரக் கெடு! கல்வராயன் மலையில் எடுத்த ரத்தம் சென்னைக்குப் போய்ச் சேருமா?

கள்ளக்குறிச்சி,

ஒரு சொட்டு ரத்தம். வேரோடு பிடுங்கிய ஒரு தலைமுடி. பஞ்சில் ஒற்றி எடுத்த ஈரம். இவ்வளவுதான் சாட்சி!

இந்தச் சாட்சி ஒருவரைத் தூக்குமேடைக்கும் அனுப்பும். தூக்குமேடையில் இருந்து இறக்கியும் விடும். ஆனால் அந்தப் பஞ்சு யார் கையில் இருந்தது, எந்த அலமாரியில் கிடந்தது என்று கணக்குச் சொல்லத் தெரியாவிட்டால்...? கேஸ் அம்போதான்!

தேனி மாவட்டத்தில் அப்படித்தான் நடந்தது.

சுருளி அருவி வழக்கு

2011-ம் ஆண்டு மே மாதம். சுருளி அருவிக்குப் போன ஒரு இளம் ஜோடி வீடு திரும்பவில்லை. சில நாள் கழித்து இருவரும் காட்டுக்குள் பிணமாகக் கிடந்தார்கள். போலீசார் ஒருவரைக் கைது செய்தார்கள். 2018-ல் தேனி கோர்ட்டு அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2019-ல் ஐகோர்ட்டு மதுரை கிளை அதை உறுதி செய்தது.

2025-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது!

நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா ஆகியோர் இந்தத் தீர்ப்பை அளித்தார்கள். சந்தர்ப்ப சாட்சியங்கள் சங்கிலியாகக் கோர்க்கப்படவில்லை. டி.என்.ஏ. சாட்சியமும் கைகொடுக்கவில்லை. எடுத்த மாதிரி ஆய்வகம் போய்ச் சேரும் வரை எங்கே இருந்தது என்பதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை. தாமதத்துக்கும் விளக்கம் இல்லை.

14 வருஷம் ஆகியும், பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு "கொன்றது யார்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லை. இன்னொரு பக்கம், ஒரு மனிதர் தலைக்கு மேல் வருஷக்கணக்கில் தூக்குக் கயிறு தொங்கியது.

சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு

இனி இப்படி நடக்கக் கூடாது என்று அதே தீர்ப்பில் நாடு முழுவதற்கும் கட்டளை பிறந்தது:-

* மாதிரி எடுத்ததும் கவர் மீது வழக்கு எண், தேதி, சட்டப் பிரிவு, போலீஸ் நிலையம், விசாரணை அதிகாரி விவரம் எழுத வேண்டும். டாக்டர், விசாரணை அதிகாரி, சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும்.

* எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் ஏன் என்று கேஸ் டைரியில் எழுத வேண்டும்.

* வழக்கு நடக்கும்போது கோர்ட்டு அனுமதி இல்லாமல் கவரைப் பிரிக்கவோ, மறுபடி சீல் வைக்கவோ கூடாது.

* யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது என்பதற்குத் தனிப் பதிவேடு வேண்டும். வழக்கு முடியும் வரை அது இருக்க வேண்டும்.

போலீஸ் அகாடமிகள் விசாரணை அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவது பற்றியும் ஆராய வேண்டும் என்று நீதிபதிகள் கூறினார்கள்.

மலைப்பாதையில் சோதனை

எழுதுவது சுலபம். மலையில் நடத்திக் காட்டுவது?

கரியாலூர் போலீஸ் எல்லையில், உள்ளே தள்ளி இருக்கும் ஒரு மலைக் கிராமத்தில் சம்பவம் என்று வையுங்கள். முதலில் ஓடிப்போவது ஒரு ஏட்டு, இரண்டு போலீஸ்காரர்கள். அதற்குள் ஊரே கூடி நிற்கும். அழுகிறவர்கள் உடலைக் கட்டிப் பிடித்திருப்பார்கள். யாரோ ஒருவர் தண்ணீர் தெளித்திருப்பார்!

அங்கிருந்து வளைந்து வளைந்து கீழே இறங்கி, கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். டாக்டர் எடுத்த மாதிரி சென்னை மயிலாப்பூர் தலைமை ஆய்வகத்துக்குப் போக வேண்டும் என்றால் இன்னும் சுமார் 250 கிலோ மீட்டர். நடுவிலே கடிதப் போக்குவரத்து, சனி, ஞாயிறு, மழை. மாதிரி எடுத்த நிமிடத்தில் இருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது.

2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டப்படி, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நேரில் வர வேண்டும். மாநிலங்களுக்கு இதற்கு 5 ஆண்டு வரை அவகாசம் உண்டு. ஆனாலும் நிபுணர் வந்து சேரும் வரை இடத்தைக் காப்பது அந்த ஏட்டுதானே?

பிளாஸ்டிக் பை ஆகாது!

"ரத்தச் சட்டைதானே, பாலிதீன் பையில போட்டுக் கட்டுய்யா" என்றால் போச்சு. ஈரத்தில் பூஞ்சை பிடித்து மரபணு அழுகிவிடும். நிழலில் உலர்த்தி, காகிதக் கவரில் தனித்தனியாகப் போட வேண்டும். சந்தேக நபரின் துணியையும் இறந்தவரின் துணியையும் ஒரே மூட்டையாகக் கட்டினால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது தீபாவளி! கையுறை மாற்றாமல் இரண்டு பொருளைத் தொட்டாலும் கலப்படம்தான். தும்மல் ஒன்று போதும், விசாரணை அதிகாரியின் டி.என்.ஏ.வே சாட்சியில் ஏறிவிடும்.

தடயத்தின் அருமை கள்ளக்குறிச்சிக்குப் புதிதல்ல. 2024 ஜூனில் கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த சாராயத்தில் மெத்தனால் இருந்ததை ஆய்வகம்தான் காட்டிக் கொடுத்தது.

வக்கீலுக்கும் பாடம்

"டி.என்.ஏ. ஒத்துப் போகுது" என்றதும் பல வக்கீல்கள் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். அங்கேதான் கேள்வி ஆரம்பமாக வேண்டும்.

"மாதிரி எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்?"

"இரண்டு நாள் எந்த பிரிட்ஜில் இருந்தது? சாவி யாரிடம்?"

"ஒத்துப் போகிறது என்றால், எத்தனை பேரில் ஒருவருக்கு ஒத்துப் போகும்?"

கடைசிக் கேள்வி முக்கியமானது. ஒருவரின் மரபணுவில் பாதி தாயிடம் இருந்தும் பாதி தந்தையிடம் இருந்தும் வருகிறது. அண்ணன் தம்பிக்குள் பல அடையாளங்கள் பொதுவாக இருக்கும். ஒரே மாதிரி இரட்டையருக்குச் சாதாரணச் சோதனையில் வித்தியாசமே தெரியாது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் சம்பந்தம் செய்யும் ஊர்களில் கணக்கைக் கவனமாகப் போட வேண்டும். இதெல்லாம் தெரிந்த வக்கீல்தான் கேட்பார். தெரிந்த போலீஸ்காரர்தான் பதில் சொல்வார்.

இங்கிலாந்தில் நடந்தது

டி.என்.ஏ. முதன்முதலில் துப்புத் துலக்கிய கதையே விசித்திரமானது. 1986-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் இரண்டு பள்ளி மாணவிகள் கொலை பற்றி விசாரணை. 17 வயதுப் பையன் ஒருவன் ஒரு கொலையை ஒப்புக்கொண்டான். விஞ்ஞானி அலெக் ஜெப்ரிஸ் சோதித்துப் பார்த்து "இவன் இல்லை" என்றார்! சுற்று வட்டார ஆண்களிடம் ரத்தம் எடுத்தார்கள். உண்மைக் குற்றவாளி தனக்குப் பதில் கூட வேலை பார்த்தவரை அனுப்பி ஏமாற்றினான். அந்த ஆள் மதுக்கடையில் உளறியதால் மாட்டிக்கொண்டான். 1988-ல் ஆயுள் தண்டனை.

விஞ்ஞானம் நிரபராதியை விடுவித்தது. ஆனால் ரத்தம் கொடுக்க வந்தவர் யார் என்று சரிபார்க்காத ஓட்டையில் குற்றவாளி தப்பப் பார்த்தான்.

ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில் அதிகாரிகளுக்குச் சொல்லித் தருவதோடு இது நின்றுவிடக் கூடாது. மலை மேல் இருக்கும் ஏட்டுக்கும், ஆஸ்பத்திரி டாக்டருக்கும், அரசு வக்கீலுக்கும், எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் ஒரே அறையில் உட்கார்த்தி வகுப்பு நடத்த வேண்டும். ஒரு காகிதக் கவரும் ஒரு பதிவேடும் பெரிய செலவு இல்லை. அவை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை, சுருளி அருவியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு குடும்பங்களைக் கேட்டால் தெரியும்.