தாய்ச்செடியும் குட்டிகளும்: கற்றாழை வளர்ப்போம், கடனில்லாமல் வளர்ப்போம்



"கற்றாழை போட்டா நல்ல வருமானமாமே, குழுவில கடன் எடுத்துப் போடலாமா?" என்று பல குழுக்களில் கேட்கிறீர்கள். குட்டிச்செடியை விலைக்குக் கொடுத்து, "இலையை நாங்களே திருப்பி வாங்கிக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு ஆட்களும் ஊருக்குள் வருகிறார்கள். முடிவெடுக்கும் முன் இந்தச் செடியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

எது சோற்றுக்கற்றாழை?

வேலியோரம் நிற்பதெல்லாம் சோற்றுக்கற்றாழை இல்லை. ஆனைக்கற்றாழை வேறு. அதன் இலை நுனியில் ஊசி மாதிரி கெட்டியான முள் இருக்கும், உள்ளே நார் அதிகம். அதன் சாறு பட்டால் தோல் அரிக்கும். சோற்றுக்கற்றாழை இலையை வெட்டினால் கண்ணாடி மாதிரி வழவழப்பான சோறு இருக்கும். ஓரத்து முள்ளும் சிறியதுதான்.

குட்டியைப் பிரிப்பது எப்படி?

கோழியைச் சுற்றிக் குஞ்சுகள் நிற்பது போல, தாய்ச்செடியின் அடியைச் சுற்றிக் குட்டிகள் முளைக்கும். இதற்கு விதை தேவையில்லை. குட்டி அரை சாண் உயரம் வந்து, தனக்கென்று வேர் விட்ட பிறகு பிரிக்கலாம். அதற்கு முன் பிய்த்தால் பிழைப்பது கஷ்டம்.

1. ஓரத்து மண்ணைத் தள்ளி, தாயையும் குட்டியையும் இணைக்கும் தண்டைச் சுத்தமான கத்தியால் வெட்டவும்.
2. குட்டியை இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு வைக்கவும். வெட்டுக்காயம் காயணும். ஈரக்காயத்தோடு நட்டால் அழுகிப் போகும்.
3. செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் கலந்து நடவும். நடுக்குருத்து மண்ணுக்குள் போகக் கூடாது.
4. நட்டவுடன் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நாலைந்து நாள் கழித்து ஊற்றினால் போதும்.

தொட்டி, உடைந்த குடம், சிமெண்ட் சாக்கு எதில் வேண்டுமானாலும் வைக்கலாம். அடியில் ஓட்டை மட்டும் கட்டாயம். நிலத்தில் என்றால் மேட்டுப்பாத்தி போடுங்க. வரிசைக்கு வரிசை 3 அடி, செடிக்குச் செடி 2 அடி விடவும். ஒரு சென்டுக்கு சுமார் 72 செடி வரும்.

செடி சொல்வதைக் கேளுங்கள்

கற்றாழை வெயிலில் சாவதை விடத் தண்ணீரில் சாவதுதான் அதிகம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்க. உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்க. மழைக்காலத்தில் தேவையே இல்லை.

• இலை மெலிந்து உள்பக்கமாகச் சுருண்டால் தாகம்.
• அடி இலை கொழகொழவென்று பழுப்பானால் தண்ணீர் அதிகம்.
• செடி வெளிறி, நீண்டு சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை.
• வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம் தெளிக்கவும்.

அறுவடையும் எச்சரிக்கையும்

அடியில் உள்ள முற்றிய இலைகளை மட்டும் அறுக்கவும். நடுவில் ஐந்தாறு இலையாவது நிற்கணும். அறுத்த இலையை வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி கால் மணி நேரம் சாய்த்து வைத்தால் மஞ்சள் பால் வடியும். அந்தப் பால் கடுமையான பேதி உண்டாக்கும். தோலைச் சீவி, சோற்றைப் பல தடவை கழுவிய பிறகுதான் பயன்படுத்தணும். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும் இதை உள்ளுக்குச் சாப்பிடவே வேண்டாம்.

இப்போ கணக்குக்கு வருவோம்

அரை ஏக்கருக்கு 3,600 செடி. ஒரு குட்டி 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 18,000 ரூபாய். உழவு, கூலி, உரம் தனி. குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் 180 ரூபாய். முதல் இலை அறுக்கப் பத்து மாதம் ஆனால், ஒரு பைசா வரும் முன்னே 1,800 ரூபாய் வட்டி போயிருக்கும்.

இன்னொன்று, கற்றாழைச் சோற்றில் 100-க்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர்தான். கனம் அதிகம், வண்டி வாடகையும் அதிகம். அறுத்த இலை சீக்கிரம் கெட்டுவிடும், நெல் மாதிரி மூட்டை கட்டி வைக்க முடியாது. வாங்குகிறேன் என்றவர் வராவிட்டால் இலை வயலிலேயே கிடக்கும். கடன் நம் பெயரில் நிற்கும்.

அதற்குப் பதில் இப்படி யோசியுங்க. அக்கம்பக்கத்தில் கேட்டு 10 வளர்ந்த செடி வாங்கி வையுங்க. ஒரு செடி வருஷத்துக்கு மூன்று குட்டி என்று குறைவாகவே கணக்குப் போட்டாலும் முதல் வருஷ முடிவில் 40 செடி. அந்த 40-ம் மூன்று மூன்று குட்டி போட்டால் அடுத்த வருஷ முடிவில் 160. இரண்டு சென்ட் நிறைந்துவிடும், குட்டிக்கென்று கடனும் இல்லை. அதற்குள் ஜூஸ் கடை, நாட்டு மருந்துக் கடை, அழகு நிலையம் என்று பக்கத்து ஊரில் யார் வாங்குவார்கள் என்பதும் தெரிந்துவிடும். பையில் வைத்த செடியாகவும் விற்கலாம்.

யாராவது ஒப்பந்தம் பேச வந்தால் குழுவாகக் கேளுங்கள்:

• கிலோவுக்கு என்ன விலை? எத்தனை வருஷத்துக்கு?
• வண்டிக்கூலி யார் தருவது?
• இலையைக் கழித்தால் யாருக்கு நஷ்டம்?
• பணம் எத்தனை நாளில் வரும்?
• ஏற்கெனவே இவரிடம் விற்றவர்கள் யார்? நாம் போய்ப் பார்க்கலாமா?

பதில் எழுத்தில் வரணும். வாய்ப்பேச்சை நம்பித் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட வேண்டாம். "இன்னைக்கே முன்பணம் கட்டுங்க" என்று அவசரப்படுத்தினால், "அடுத்த கூட்டத்தில் பேசிச் சொல்றோம்" என்று சொல்லுங்க. நல்ல வியாபாரி ஒரு வாரம் காத்திருப்பார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் குட்டியோடு கற்றாழை வைத்திருப்பவர்கள் ஆளுக்கு இரண்டு குட்டி கொண்டுவந்து, இல்லாதவர்களுக்குக் கொடுத்துத் தொடங்கி வையுங்கள்.