இணையவழிப் பொறியியற் கல்வி

கல்வியின் பெருமையை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதின்று. முற்காலத்தில் மாணாக்கன் ஆசிரியனை நாடிச் சென்றான். இக்காலத்திலோ ஆசிரியன் குரலே இணையத்தின் வாயிலாக மாணாக்கன் இல்லம் புகுகின்றது. எனினும், இருந்த இடத்திலிருந்தே பொறியியற் பட்டம் எய்துதல் கூடுமோ என்பது ஆராயத்தக்கது.

எம்மூராகிய களமருதூரில், பல்தொழிற் பயிலகத்திற் பட்டயம் பெற்றுப் பணிபுரியும் தமையனார் ஒருவர், தொலைநிலையிற் பொறியியற் பட்டம் தருவதாகக் கூறிய நிலையமொன்றிற் கரும்பு விற்ற பணத்தைக் கட்ட முனைந்தார். கட்டுமுன் எம்மை வினவினார். யாம் ஆராய்ந்து அவர்க்குக் கூறியவை வருமாறு:

2017-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் இசைவின்றி நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் வழங்கிய பொறியியற் பட்டங்கள் செல்லா என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தோர் தேர்வெழுதித் தம் தகுதியை மெய்ப்பிக்க இடமளித்தது; பின்னர்ச் சேர்ந்தோரின் பட்டங்களைத் திரும்பப்பெற ஆணையிட்டது. 2020-இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகளும் பொறியியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தத் தடைவிதிக்கின்றன.

இதற்குக் காரணம் யாது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இரும்பின் வலிமையை இழுத்துப் பார்த்தும், நிலத்தை நேரில் அளந்தும், மின்பொறியை இயக்கிப் பார்த்துமே அறிதல் வேண்டும். பாலம் கட்டுவோன் பிழை செய்வானாயின், அதன்மேற் செல்வோர் உயிரன்றோ போம்?

ஆயினும் வாயில் முற்றும் அடைபட்டிலது. தனிச் சட்டத்தின்கீழ் இயங்கும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், 2020-இல் தரவு அறிவியலிலும் 2023-இல் மின்னணு அமைப்புகளிலும் இணையவழிப் பட்டப்படிப்புகளைத் தொடங்கிற்று. நான்கு வாரப் பாடம் பயின்று தகுதித் தேர்வில் வெல்வோர் சேரலாம். பாடம் இல்லத்தில், தேர்வோ நேரில். பின்னதற்கு ஆய்வகப் பயிற்சியின்பொருட்டுச் சென்னைக்கும் செல்லல் வேண்டும். வறியோர்க்கு 75 விழுக்காடு வரை கட்டணச் சலுகை உண்டு. ஆனால் இவை அறிவியற் பட்டங்களே. பொறியியற் பட்டங்கள் அல்ல. இளநிலைப் பொறியியற் பட்டம் முன்னரே பெற்றுப் பணிபுரிவோர்க்கு இணையவழி முதுநிலைத் தொழில்நுட்பப் படிப்பும் அங்கு உண்டு.

எம் தமையனாரைப்போற் பட்டயம் பெற்றுப் பணிபுரிவோர்க்கு ஏற்ற வழி வேறு. 2023 முதல், அகில இந்தியக் கழகத்தின் இசைவுடன், சில கல்லூரிகள் அத்தகையோர்க்கு உகந்த வேளைகளில் வகுப்புகள் நடத்துகின்றன. அங்கு நேரிற் சென்றே கற்றல் வேண்டும்.

தமையனார் பணத்தைக் கட்டாது மீண்டார். அவர் முகம் வாடிற்று. ஆயினும் ஓராண்டின் வியர்வை வீணாகவில்லை. கல்வராயன் மலைச்சரிவில் இருப்போரும் இணையத்தாற் கற்கும் காலம் இது. ஆதலின் இளைஞர்காள், பட்டத்தை நாடுமுன் அதனை வழங்குவோர்க்கு இசைவு உண்டோ என வினவுமின். கேட்ட பாடத்தைக் கையாலும் செய்து பழகுமின்.