தார் காணாத வெண்பாதைகள்
டஸ்கனிக் குன்றுகளில் ஒரு மிதிவண்டிப் பயணம்

இத்தாலியின் நடுப்பகுதியில் அமைந்த டஸ்கனி, குன்றுகளின் நாடு. அங்கே சியேனா நகரைச் சூழ்ந்த கிராமப்புறத்தில் தார் காணாத சாலைகள் இன்றும் பல உள்ளன. உடைத்த வெண்கல்லும் மண்ணும் பரப்பப்பட்டிருப்பதால் அவை வெயிலில் வெளேரென்று ஒளிர்கின்றன. இத்தாலியர் அவற்றை 'ஸ்த்ராதே பியான்கே', அதாவது வெள்ளைச் சாலைகள் என்றே அழைக்கின்றனர். கோடையில் புழுதி, மழைக்காலத்தில் சேறு. வசதி என்று பார்த்தால் இவற்றுக்குத் தார் பூசுவதே முறை எனத் தோன்றும். ஆனால் அப்படிப் பூசாமல் விட்டதால் அவ்வூர்கள் இழந்தது என்ன, பெற்றது என்ன என்பது வரவு செலவு பார்த்துப் பழகிய எவருக்கும் சுவையான கேள்வி.

வங்கிப் பணியில் உள்ள நண்பர்கள் நால்வர், ஒரு மே மாத விடுப்பில் வாடகை மிதிவண்டிகளில் இச்சாலைகளில் நான்கு நாள்கள் பயணம் செய்தோம். எங்களில் எவரும் பந்தய வீரர் அல்லர். நாற்பதைக் கடந்தவர்கள்; மேசைமுன் அமர்ந்தே பழகியவர்கள். நாங்கள் கண்டதையும் அறிந்ததையும் வாடிக்கையாளர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கயோலேயிலிருந்து தொடங்கும் வழி

சியேனாவுக்கும் ஃப்ளாரன்ஸுக்கும் இடைப்பட்ட குன்றுப் பகுதிக்குக் கியான்டி என்று பெயர். அதன் நடுவே, ஓடைக்கரைப் பள்ளத்தாக்கில் அமைந்த சிற்றூர் கயோலே. சுற்றிலும் கோட்டைகள் நிறைந்திருக்க, அவற்றின் மக்கள் கூடும் சந்தையாக வளர்ந்த ஊர் இது. இன்று மிதிவண்டிக்காரர்களின் தலையாய ஊராக இது விளங்குகிறது.

கயோலேயிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே சென்றால் சாலை ப்ரோலியோ கோட்டையை நோக்கி ஏறுகிறது. இருபுறமும் சைப்ரஸ் மரங்கள் நிற்க, நடுவே வெண்பாதை வளைந்து வளைந்து மேலே செல்கிறது. இக்கோட்டை 1141 முதல் ரிக்காசோலி குடும்பத்தாரின் உடைமை. அக்குடும்பத்தில் வந்த பெட்டினோ ரிக்காசோலி, ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாம் பிரதமராக 1861இல் பதவி ஏற்றவர். கியான்டி மதுவுக்குரிய திராட்சை வகைகளின் சேர்க்கையை 1872இல் வகுத்துரைத்தவரும் அவரே.

கியான்டியின் அடையாளச் சின்னம் கருஞ்சேவல். அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஃப்ளாரன்ஸும் சியேனாவும் எல்லைக்காக நெடுங்காலம் போரிட்டுச் சலித்தன. விடியலில் சேவல் கூவியதும் இரு நகரங்களிலிருந்தும் ஒவ்வொரு குதிரைவீரன் புறப்பட வேண்டும், இருவரும் சந்திக்கும் இடமே எல்லை என்று முடிவாயிற்று. சியேனா மக்கள் வெள்ளைச் சேவலுக்குக் கொழுக்கக் கொழுக்கத் தீனி போட்டனர். ஃப்ளாரன்ஸ் மக்களோ கருஞ்சேவலைப் பட்டினி போட்டு இருட்டில் அடைத்தனர். பசித்த சேவல் விடியுமுன்பே கூவியது. முந்திப் புறப்பட்ட வீரன் சியேனாவை நெருங்கிவிட்டான். கியான்டி ஏறக்குறைய முழுவதும் ஃப்ளாரன்ஸின் வசமாயிற்று. கதை உண்மையோ இல்லையோ, 1924இல் தொடங்கப்பட்ட கியான்டி மது உற்பத்தியாளர் கூட்டமைப்பின் சின்னமாக அச்சேவல் இன்றும் புட்டிகளின்மேல் நிற்கிறது.

வறுமை காத்த சாலைகள்

இவ்வளவு புகழ்பெற்ற நிலத்தில் சாலைகள் ஏன் மண்ணாகவே இருந்தன? விடை, நம் நாட்டு வாரச் சாகுபடியை ஒத்த ஒரு முறையில் இருக்கிறது. 'மெட்சாட்ரியா' எனப்பட்ட அம்முறையில், நிலக்கிழார் நிலத்தையும் வீட்டையும் தருவார். குடியானவர் குடும்பம் உழைக்கும். விளைச்சலில் ஆளுக்குப் பாதி. குன்றுக்கு ஒன்றாக நாம் காணும் தனித்த கல்வீடுகள் அந்தக் குடியானவர் குடும்பங்களின் வீடுகளே. அவற்றை இணைத்த வண்டிப்பாதைகளே இன்றைய வெண்பாதைகள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழிற்சாலை வேலை நகரங்களுக்கு அழைத்தது. 1964இல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டமே தடை செய்தது. குடும்பங்கள் வெளியேறின, கல்வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆள் இல்லாத சாலைக்கு எவர் தார் போடுவார்? ஆகவே இச்சாலைகளை முதலில் காத்தது எவருடைய தொலைநோக்கும் அன்று, வறுமையே.

நிலைமை பின்னர் மாறியது. மது வணிகம் செழித்தது. பண்ணை வீடுகளில் விருந்தினரைத் தங்கவைப்பதை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1985இல் வந்தது. மக்கள் திரும்பினர், வாகனங்கள் பெருகின. சாலைகளுக்குத் தார் வேண்டும் என்ற குரலும் எழுந்தது. அக்குரலை எளிதில் ஒதுக்க இயலாது. புழுதியைத் தினமும் விழுங்குபவர் அங்கே வாழ்பவரே. சேற்றில் சிக்குவது சுற்றுலாப் பயணியின் வண்டி மட்டும் அன்று, நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டியும்தான்.

தொண்ணூற்றிரண்டு பேர் தொடங்கியது

இச்சூழலில்தான் கயோலேயைச் சேர்ந்த ஜான்கார்லோ ப்ரோச்சி 1997இல் ஒரு மிதிவண்டி ஓட்டத்தைத் தொடங்கினார். பெயர் 'லெரோயிகா', வீரம் செறிந்தது என்று பொருள். எஞ்சிய வெண்பாதைகளைத் தாரிலிருந்து காப்பதே நோக்கம். முதலாண்டு பங்கேற்றவர்கள் 92 பேர். இன்று அக்டோபர் மாதத் தொடக்கத்தில் பல்லாயிரவர் அச்சிற்றூரில் கூடுகின்றனர்.

இதன் விதிகள் வேடிக்கையானவை. பந்தய மிதிவண்டி 1987இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். கியர் மாற்றும் நெம்புகோல் சட்டத்தின் சாய்குழாயில் இருக்க வேண்டும். பிரேக் கம்பிகள் கைப்பிடிக்கு வெளியே தெரிய வளைந்து செல்ல வேண்டும். உடையும் பழங்காலக் கம்பளிச் சட்டையே. மிக நீண்ட வழி 209 கி.மீ. அதில் செல்பவர்கள் விடியுமுன் புறப்பட்டு, விளக்குகள் வரிசையாக எரியும் ப்ரோலியோ பாதையில் ஏறுகிறார்கள். வழியிலுள்ள உணவு நிலையங்களில் ரொட்டியும் காய்கறியும் சேர்த்துக் காய்ச்சும் 'ரிபொல்லீட்டா' என்னும் குடியானவர் கஞ்சி கிடைக்கும். இங்கே முந்தி வருபவருக்குப் பரிசு இல்லை. முடித்து வருவதே பெருமை.

'வீரம்' என்ற சொல் மிகையோ என்று கருதலாம். இச்சாலைகளின் பழைய வீரர் ஒருவரை நினைத்தால் அந்த ஐயம் அகலும். ஃப்ளாரன்ஸ் அருகே பிறந்த ஜீனோ பார்டாலி, டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1938இலும் 1948இலும் வென்றவர். அவ்விரு வெற்றிகளுக்கு இடையே, ஜெர்மானியப் படையின் ஆதிக்கத்தில் இத்தாலி இருந்த நாள்களில், பயிற்சி செய்பவர்போல் நெடுந்தொலைவு மிதித்து, யூதர்களைக் காக்க உதவும் போலி அடையாளத் தாள்களை மிதிவண்டிக் குழாய்க்குள் மறைத்து எடுத்துச் சென்றார். போருக்குப் பின் அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. அவர் மறைந்து 13 ஆண்டுகள் கழித்து, 2013இல், இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் அவரை 'உலக நாடுகளின் அறவோர்' வரிசையில் சேர்த்தது.

பந்தயமும் பழம்பெரும் வங்கியும்

லெரோயிகாவின் புகழால் 2007இல் தொழில்முறை வீரர்களுக்கான பந்தயம் பிறந்தது. இன்று அதன் பெயர் 'ஸ்த்ராதே பியான்கே'. ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில் மூன்றில் ஒரு பங்கு மண்பாதை. 2015 முதல் மகளிர் பந்தயமும் நடைபெறுகிறது. மும்முறை வென்ற சுவிஸ் வீரர் ஃபாபியன் கான்செல்லாராவின் பெயர், அஷானோ அருகே 11.5 கி.மீ. நீளமுள்ள மோன்டே சான்டே மரியே பாதைக்குச் சூட்டப்பட்டுள்ளது. 2024இல் ஸ்லோவீனிய வீரர் ததேய் போகாச்சர் கடைசி 81 கி.மீ. தொலைவைத் தன்னந்தனியே ஓட்டி வென்றார்.

பந்தயம் முடிவது சியேனாவில். நகருக்குள் நுழைந்தபின் சான்டா கத்தரீனா தெரு 16 விழுக்காடு வரை செங்குத்தாகிறது. அதாவது நூறு மீட்டருக்குப் பதினாறு மீட்டர் ஏற்றம். அங்கே நாங்கள் நால்வரும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே சென்றோம். தெரு முடிந்ததும், சிப்பி வடிவில் சரிந்து விரியும் காம்போ சதுக்கம் கண்ணுக்குத் தெரிகிறது.

வங்கியாளர்களாகிய எங்களுக்குச் சியேனா ஒரு புண்ணியத் தலம். 1472இல் நகர ஆட்சியே தொடங்கிய அடகுக் கடன் நிலையம், மோன்டே டெய் பாஸ்கி என்ற பெயரில் இன்றும் வங்கியாக இயங்குகிறது. தொடர்ந்து இயங்கிவரும் வங்கிகளில் உலகிலேயே பழைமையானது அதுவே எனக் கருதப்படுகிறது. 'பாஸ்கி' என்றால் மேய்ச்சல் நிலங்கள். 1624இல் டஸ்கனி ஆட்சியாளர், மரேம்மா என்ற தென்பகுதியின் அரசு மேய்ச்சல் நில வருவாயை வைப்பாளர்களுக்குப் பிணையாக நிறுத்தினார். பெயரும் அதனால் நிலைத்தது. வெண்பாதைப் பந்தயம் தொடங்கியபோது தாங்கி நின்றதும் அந்தப் பெயரையே.

சியேனாவின் பழைய நிதித்துறைக்குப் 'பிக்கெர்னா' என்று பெயர். அதன் கணக்கேடுகளின் மர அட்டைகளில் 1258 முதல் ஓவியர்களைக் கொண்டு படம் வரையச் செய்தனர். அவை இன்றும் அந்நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நகர மாளிகையில் அம்ப்ரோஜியோ லோரென்செட்டி 1338–39இல் தீட்டிய 'நல்லாட்சி' ஓவியத்தையும் காணத் தவறக்கூடாது. நல்லாட்சியின் பயனாக அவர் காட்டுவது என்ன? நகர வாயிலிலிருந்து குன்றுகளுக்குள் செல்லும் ஒரு சாலை. அதில் அச்சமின்றிச் செல்லும் வணிகர், உழவர், பொதி சுமக்கும் கழுதைகள். ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய அக்குன்றுகளை, மறுநாள் காலை சியேனாவின் தெற்கு வாயிலைத் தாண்டியதும் நேரில் கண்டோம்.

களிமண் குன்றுகளில்

சியேனாவுக்குத் தெற்கே நிலம் மாறுகிறது. திராட்சைக் கொடிகள் குறைந்து, 'கிரேட்டே' எனப்படும் சாம்பல்நிறக் களிமண் குன்றுகள் அலையலையாக வருகின்றன. செங்கல் மதிலுக்குள் அடங்கிய புவோன்கொன்வென்டோ என்னும் சிற்றூரில் இளைப்பாறினோம். ரோமானியப் பேரரசர் ஏழாம் ஹென்றி 1313இல் உயிர்நீத்த ஊர் அது. அதன்பின் 564 மீட்டர் உயரத்திலுள்ள மோன்டால்சினோவுக்கு நீண்ட ஏற்றம். மேலே கோட்டை மதிலிலிருந்து பார்த்தால் ஓர்ச்சா பள்ளத்தாக்கு விரிகிறது. 2004இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இயற்கை எழிலுக்காக மட்டும் அன்று. நன்கு பேணப்படும் நிலம் எப்படி இருக்கவேண்டும் என்று மறுமலர்ச்சிக் கால மக்கள் எண்ணினார்களோ, அந்த எண்ணத்தைக் காட்டுவதற்காகவும்.

மண்பாதையில் ஓட்டுவதற்குச் சில பழக்கங்கள் வேண்டும். 30 மில்லிமீட்டர் அளவு அகன்ற டயர் நல்லது. காற்றைச் சற்றுக் குறைத்து வைக்க வேண்டும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். அமர்ந்தபடி எளிய கியரில் மிதிப்பதே சரி. இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடிப்பது ஆபத்து; உடலைப் பின்னுக்குச் சாய்த்து, வளைவுக்கு முன்பே வேகம் குறைக்க வேண்டும்.

வணிகவியல் பயின்றவர்களின் கண்ணுக்கு இச்சாலைகள் மற்றொன்றையும் காட்டுகின்றன. தார் போடுவது பெரும்பாலும் ஒருமுறை செய்யும் மூலதனச் செலவு. மண்பாதையோ ஆண்டுதோறும் வருவாய்ச் செலவு கேட்பது: மழை அரித்த பள்ளத்தை நிரப்ப வேண்டும், வடிகாலைத் திருத்த வேண்டும். அச்செலவைச் செய்ய ஓர் ஊருக்குக் காரணம் வேண்டும். அக்காரணத்தைத் தந்தது மிதிவண்டி. லெரோயிகா வழி இன்று நிரந்தர வழிகாட்டிப் பலகைகளோடு ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது. அதில் வருபவர் பண்ணை வீட்டில் தங்குகிறார். ஊர்க் கடையில் உண்கிறார். எண்ணெயும் மதுவும் வாங்குகிறார். இயந்திரம் ஓடினால் தேயும். இச்சாலைகளின் மதிப்போ ஆள் வர வர வளர்கிறது, வராவிட்டால் குறைகிறது.

செல்ல விரும்புவோருக்கு

ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் ஏற்ற காலம். ஃப்ளாரன்ஸிலிருந்து சியேனாவுக்கு ரயில் உண்டு, கயோலேக்கு இல்லை. ஏற்றம் கடினம் எனக் கருதுவோர் மின்உதவி மிதிவண்டியை வாடகைக்கு எடுக்கலாம். சிற்றூர்க் கடைகள் பலவும் பிற்பகலில் சில மணிநேரம் மூடப்படும். தண்ணீரையும் சிற்றுண்டியையும் முன்னரே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். மிதிவண்டி ஓட்டும்போது நேரும் விபத்தும் அதில் அடங்குமா என்று கேட்டு உறுதிசெய்க. புறப்படுமுன் உங்கள் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கி, தேவையான அளவுக்கு வரம்பும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கடை இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் பெரும்பாலும் மாற்று விகிதம் பாதகமாக அமையும். சிறு செலவுகளுக்குக் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

வெண்பாதையில் எதிரே வருபவர், உழவரானாலும் பயணியானாலும், கையசைத்து வணக்கம் சொல்வது அங்கு வழக்கம். நின்று பதில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். அப்பாதை தாரில்லாமல் இருக்க ஒப்புக்கொண்டு, அதன் புழுதியைத் தாங்கிக்கொண்டிருப்பவர் ஒருவேளை அவராகவே இருக்கலாம்.