கருவறையின் வாயிற் காவல்

பத்து மாதம் சுமந்து பெற்றவள் என்று தாயைப் போற்றுவது நம்மவர் வழக்கம். ஆனால், அந்தப் பத்து மாதக் கணக்கு நிறையுமுன்னரே உலகைக் காணும் சிசுக்கள்தாம் எத்தனை! கர்ப்பம் 37 வாரம் நிறைவதற்கு முன் நிகழும் பிள்ளைப்பேற்றைக் குறைமாதப் பிரசவம் என்பர். 2020ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறக்குறைய 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தனவென உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. அவ்வாண்டு பிறந்த பத்துக் குழந்தைகளில் ஒன்று என்பது இதன் பொருள். ஐந்து வயதிற்குள் குழந்தைகள் மடிவதற்கான காரணங்களுள் முதலிடம் வகிப்பதும் குறைமாதப் பிறப்பினால் நேரும் கோளாறுகளே.

இத்துயரம் நேர்ந்த வீட்டிலே அடுத்து நடப்பது என்ன? "நிறைகுடத்தைத் தூக்கினாள்", "சொல்லச் சொல்லக் கேளாமல் படியேறி இறங்கினாள்", "கண்ணூறு பட்டுவிட்டது" என்று ஆளுக்கொரு காரணம் கூறப்படும். பிள்ளையை இழந்து வாடுபவள் பழியையும் சேர்த்துச் சுமக்கிறாள். உண்மையிலோ, அவள் கண்ணுக்கும் பிறர் கண்ணுக்கும் புலப்படாத ஓரிடத்தில், நோவுமின்றி அறிகுறியுமின்றி நிகழும் ஒரு மாற்றமே பல சமயங்களில் இதற்கு முன்னோடியாக அமைகின்றது. அவ்விடந்தான் கருப்பைக் கழுத்து. அதனை மில்லிமீற்றர் கணக்கில் அளந்தறியும் முறையைப் பற்றியே இங்கு நாம் கூற விழைகின்றோம்.

வாயிலின் இயல்பு

வாய் குறுகிய குடுவையொன்றைத் தலைகீழாகக் கவிழ்த்தால் எப்படியிருக்குமோ அப்படியிருப்பது கருப்பை. அதன் அடியிலுள்ள ஒடுங்கிய பகுதியே கழுத்து. கர்ப்ப காலம் முழுவதும் இது இறுக மூடி நின்று, உள்ளேயிருக்கும் சிசுவைத் தாங்கியும், வெளியேயிருந்து கிருமிகள் புகாமல் தடுத்தும் காவல் புரிகின்றது. நடுக் கர்ப்பத்திலே இதன் நீளம் சராசரியாக 35 மில்லிமீற்றர். நமது இரு விரல்களைச் சேர்த்து வைத்த அகலந்தான்! மாதம் நிறைந்ததும் இக்கழுத்து மென்மையடைந்து, குறுகி, விரிந்து, குழந்தைக்கு வழிவிடுகின்றது.

இம்மாற்றம் காலத்திற்கு முன்பே தொடங்கிவிடுவதில்தான் அபாயம் உள்ளது. கழுத்துக்கு உள்வாய், வெளிவாய் என இரண்டு உண்டு. குறுகுதல் பெரும்பாலும் உள்வாயிலேயே ஆரம்பிக்கின்றது. உள்வாய் ஒரு புனலைப் போல விரிந்துகொண்டு வரும்போதும் வெளிவாய் மூடியபடியே இருக்கும். ஆகவே, கைதேர்ந்த வைத்தியரும் விரலாற் பரிசோதித்து இதனை அறிதல் அரிது. தாய்க்கோ வலியில்லை; வேறு குறியுமில்லை.

கொதிகலனும் கருப்பையும்

காணமுடியாத இவ்வுள்வாயைக் காண உதவிய கருவி, ஆலையொன்றிலிருந்து வைத்தியசாலைக்கு வந்ததென்றால் வாசகர்கள் வியப்படையலாம். ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் இயன் டொனால்ட். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானப்படையிற் பணியாற்றிய இவர், ரேடார் முதலிய கருவிகளின் தன்மையை அறிந்தவர். கொதிகலன்களின் உருக்கிலே வெடிப்பு உண்டா என அறிவதற்கு, மனிதச் செவிக்கு எட்டாத மீயொலியைச் செலுத்தி, திரும்பிவரும் எதிரொலியை ஆராயும் கருவியொன்று அப்போது ஆலைகளில் இருந்தது. 1955ஆம் ஆண்டில் டொனால்ட், சத்திரசிகிச்சையில் அகற்றிய கட்டிகள் சிலவற்றை ரென்ஃபுரூ நகரின் கொதிகலன் ஆலைக்குக் கொண்டு சென்று அக்கருவியாற் சோதித்தார். திண்மமான கட்டியும் நீர் நிறைந்த கட்டியும் வெவ்வேறு விதமாக எதிரொலித்தன! பின்னர், பொறியியலாளர் டொம் பிரவுன், வைத்தியர் ஜோன் மெக்விகார் ஆகியோருடன் சேர்ந்து 1958இல் 'லான்செற்' மருத்துவ இதழில் அவர் வெளியிட்ட கட்டுரையே, இன்று நாம் 'ஸ்கான்' என வழங்கும் பரிசோதனைக்கு அத்திவாரமாயிற்று. எக்ஸ்ரே கதிர்களைப் போலன்றி இது வெறும் ஒலியேயாதலால், கர்ப்பிணிகளுக்கு உகந்ததாக விளங்குகின்றது.

அளக்கும் முறை

கழுத்தை அளப்பதற்கு முன் தாய் சிறுநீரைக் கழித்துவிட வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது கழுத்தை அழுத்தி, உள்ளதைவிட நீளமாகக் காட்டிவிடும். பின்னர், உறையிட்ட மெல்லிய கருவியொன்று பிறப்பு வழியே மெதுவாக வைக்கப்படுகின்றது. சிறிது கூச்சமேயன்றி, பொதுவாக இதனால் நோவில்லை. திரையிலே கழுத்தின் உருவம் தோன்றியதும், உள்வாயிலிருந்து வெளிவாய் வரையுள்ள தூரம் அளக்கப்படும். கருவியை அழுத்திப் பிடித்தாலும் அளவு பிழைத்துவிடும். மேலும், இக்கழுத்து நொடிக்கு நொடி சிறிது மாறவுங் கூடியது. ஆதலால் சில நிமிட நேரம் பொறுத்து, மூன்று முறை அளந்து, தெளிவான படங்களுள் மிகக் குறைந்த அளவையே ஏற்பர்.

இவ்வளவின் பெறுமதியை உணர்த்திய பேராய்வு, ஜே அயம்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவில் நடத்தி, 1996இல் வெளியிட்டதாகும். 24ஆவது வாரமளவில் 2,915 தாய்மாருக்கு அவர்கள் கழுத்தை அளந்தனர். கழுத்து குறுகக் குறுக, குறைமாதப் பிரசவத்தின் அபாயம் படிப்படியாக உயர்வது தெரியவந்தது. 40 மில்லிமீற்றருக்கு மேல் நீளமுடையோருடன் ஒப்பிடுகையில், 26 மில்லிமீற்றரும் அதற்குக் குறைவும் உடையோருக்கு அபாயம் ஏறக்குறைய ஆறு மடங்காக இருந்தது. இன்று, 24 வாரத்திற்கு முன் 25 மில்லிமீற்றருக்குக் குறைந்த கழுத்தைக் குறுகிய கழுத்தெனப் பொதுவாகக் கொள்வர்.

தையலும் மருந்தும்

அபாயத்தை அறிந்துவிட்டோம், தடுப்பதற்கு வழியுண்டா? உண்டு. அவற்றுள் ஒன்று நமது அயலிலே பிறந்தது. அந்நாளைய பம்பாய் நகரின் மகப்பேற்று நிபுணர் வி. என். சிரோத்கர், மூடி நிற்க இயலாத கழுத்தைச் சுற்றி, தாயின் தொடையிலிருந்தே எடுத்த தசைநார்ப் பட்டியினாற் கட்டிவிடும் சத்திரசிகிச்சையை வகுத்தார். அதனை அவர் 1955இல் வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த 'ஆன்டிசெப்டிக்' என்னும் மருத்துவ இதழிலேயாம். 1957இல் மெல்பேர்ண் நகரின் இயன் மெக்டொனால்ட், சுருக்குப்பையின் வாயைக் கயிற்றால் இறுக்குவது போன்ற எளிய தையலொன்றைக் கூறினார். முன்னரே குறைமாதத்திற் பிள்ளை பெற்று, இம்முறையும் கழுத்து குறுகக் காணும் தாய்க்கு இத்தையல் பயன்தரும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. 36, 37 வாரமளவில் தையல் அகற்றப்படும்.

மற்றொரு வழி, புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோன். இது கர்ப்பத்தைக் காக்கவென உடலே சுரப்பது. லண்டன் பேராசிரியர் நிக்கொலைடிஸ் குழுவினர் 24,620 தாய்மாரை அளந்து, 15 மில்லிமீற்றரும் அதற்குக் குறைவுமான கழுத்துடையோர் 413 பேரைக் கண்டனர். அவர்களுள் 250 பேர் பரிசோதனைக்கு இசைந்தனர். இரவுதோறும் இம்மருந்தை உள்வைத்தோரில் 34 வாரத்திற்கு முன் பிரசவித்தோர் நூற்றுக்கு 19 வீதம். மருந்தற்ற போலி மாத்திரையைப் பெற்றோரிலோ 34 வீதம். 2007இல் வெளியான இம்முடிவு, அளவுகோலுக்கும் மருந்துக்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்திற்று.

எச்சரிக்கையேயன்றித் தீர்ப்பன்று

ஆயினும், அளவைக் கேட்டமாத்திரத்தில் கலங்குதல் தகாது. மேற்சொன்ன அமெரிக்க ஆய்விலே, 25 மில்லிமீற்றரும் அதற்குட்பட்டும் அளவிருந்த தாய்மாரில் பத்துக்கு எட்டுப் பேர் 35 வாரத்தைக் கடந்தே பெற்றனர். மறுபுறம், 35 வாரத்திற்கு முன் பெற்றோரில் அரைவாசிக்கு மேற்பட்டோரின் கழுத்து அன்று நீளமாகவே இருந்தது. எனவேதான், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அளப்பதா, அபாயமுள்ளோருக்கு மாத்திரம் அளப்பதா என்பதில் மருத்துவ உலகில் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. முன்னர் குறைமாதத்திற் பிள்ளை பெற்றவரும், கழுத்திற் சத்திரசிகிச்சை செய்துகொண்டவரும் அதனை மறவாது முதற் சந்திப்பிலேயே வைத்தியரிடம் கூறுவது நன்று.

இறுதியாக ஒன்று. கழுத்து குறுகியது என்றதும் தாயைப் பாயிற் கிடத்திவிடுவது பழைய வழக்கம். அவ்வாறு முடங்கிக் கிடப்பது குறைமாதப் பிரசவத்தைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. நடந்ததனாலும் படியேறியதனாலுமே பிள்ளை போயிற்று என்று பழிகூறுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். நோவின்றிக் குறுகும் கழுத்தை எந்தத் தாயால் உணர்ந்திருக்க முடியும்? இரு விரலகலத்தை அளக்கும் இக்கருவி சில சிசுக்களைக் காப்பதோடு, குற்றமற்ற தாய்மார் மீது சுமத்தப்படும் பழியையும் இறக்கி வைக்குமாயின், அதுவும் பெரும் பேறன்றோ!