பதுளையிலிருந்து திருச்சி எவ்வளவு தூரம்?

பூகோள வகுப்பில் மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், பதுளையிலிருந்து திருச்சிராப்பள்ளி எவ்வளவு தூரம்?" என்று வினவினான். அன்றைய பாடம் அதுவன்று. காரணம் கேட்டோம். தோட்டத்து லயத்தில் வாழும் அவனது அப்பாயி, 1970களில் இந்தியாவுக்குச் சென்றுவிட்ட தம் தம்பியைக் காண விரும்புகிறாராம். உடனே தேசப்படத்தை விரித்தோம்.

நேர்கோட்டில் அளந்தால் தூரம் ஏறத்தாழ 490 கிலோமீற்றரே. ஆயினும் பறவைக்குள்ள வழி மனிதருக்கு இல்லை. விமானமேற முதலில் மேற்கே கட்டுநாயக்காவுக்குச் செல்லல் வேண்டும். பதுளைக்கும் கொழும்புக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 130 கிலோமீற்றர். மலைகளைச் சுற்றியிறங்கும் தெருவழியே ஏறத்தாழ 230. புகையிரதப் பாதையிலோ சுமார் 290. 1924ஆம் ஆண்டு பதுளையை எட்டிய அப்பாதை, தெமோதரையில் தன்னையே ஒருமுறை வளைந்து சுற்றி, 1,898 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலைவரை ஏறிப் பின் இறங்குவது. பாதை சீராயிருக்கும் காலத்திலும் அதில் 10 மணி நேரம் கழியும்.

கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு வான்வழியே சுமார் 415 கிலோமீற்றர். விமானம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. குறுகிய தூரத்திற்கு ஓர் இரவும், நெடிய தூரத்திற்கு ஒரு மணியும் ஆவதே இப்பயணத்தின் விந்தை.

முன்னாளில் நம்மவர் சென்ற வழி வேறு. பதுளையில் கோச்சி ஏறி, பொல்காவலையில் மாறி, தலைமன்னாரில் கப்பலேறுவர். 1914 முதல் அக்கப்பல் தனுஷ்கோடியை அடைந்தது. 1964 டிசெம்பர்ப் புயல் அத்துறையை அழித்தபின் இராமேஸ்வரம் கரையாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் உரியர் என வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. அக்கா இங்கும் தம்பி அங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. அவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு மலையகத்தார் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'. 1980களில் போர்ச்சூழலால் கப்பலும் நின்றது.

இன்று செல்ல விரும்புவோர் ஒன்றை மனங்கொள்ளல் நலம். பறக்கும் நேரம் வேறு, பயண நேரம் வேறு. மலையிறங்க ஏழெட்டு மணி, நிலையத்தில் மூன்று மணி, வானில் ஒரு மணி, இறங்கி வெளிவர மேலும் ஒன்று எனக் கூட்டினால் பன்னிரண்டுக்குக் குறையாது. முதியோரை அழைத்துச் செல்வோர் முதல்நாளே புறப்பட்டு இடையில் ஓரிரவு தங்குதல் நன்று. மழைக்காலமெனில் மேலும் ஒருநாள் கைவசம் இருக்கட்டும். 2025 நவம்பரில் 'தித்வா' புயலின்போது மலைச்சரிவுகள் வழிமறித்ததை மறத்தற்கில்லை. கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றில் பெயரும் பிறந்த திகதியும் பொருந்துகின்றனவா என முன்னரே பார்த்துக்கொள்க. கடிகாரத்தை மட்டும் திருத்த வேண்டியதில்லை. இரு நாட்டு நேரமும் ஒன்றே.

மறுநாள் அம்மாணவன் வந்து, "விமானத்தில் ஒரு மணித்தியாலந்தான் என்று சொன்னேன், சேர். அப்பாயி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, 'இம்புட்டுத் தூரத்துக்கா இத்தனை வருசம் இருந்தேன்?' என்று கேட்டார்" என்றான்.

அதற்கு விடை நம் தேசப்படத்தில் இருக்கவில்லை. கடவுச்சீட்டு விண்ணப்பத்தை நிரப்ப உதவுவதாக மட்டும் கூறினோம்.